வயதைச் சொல்லுங்கள், வழியைச் சொல்கிறேன்: மனநலச் சிகிச்சைக்கும் போதைச் சிகிச்சைக்கும் முதன்முறை போகிறவர்களுக்கு

"குடிப்பதை விடமாட்டேன் என்கிறார், எங்கே சேர்க்கலாம்?" என்று கேட்டு வருகிற குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. எடுத்த எடுப்பில் நான் திருப்பிக் கேட்பது, அவருக்கு என்ன வயது என்று. பலருக்கு இது வீண் கேள்வியாகத் தெரிகிறது. குடி என்றால் குடிதானே, மனச்சோர்வு என்றால் மனச்சோர்வுதானே என்று நினைக்கிறார்கள். ஆனால் 15 வயதில் அது காட்டுகிற முகம் வேறு, 40இல் வேறு, 70இல் முற்றிலும் வேறு. கொடுக்கிற மருந்தும், பேசுகிற விதமும், யாரை உள்ளே அழைத்துப் பேசுவது என்பதும் வயதுக்கு வயது மாறும். இது தெரியாமல் முதலில் கண்ணில் பட்ட மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, "சிகிச்சை எடுத்தும் பலனில்லை" என்று மனம் உடைந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இதைப் பாருங்கள்: இது காத்திருக்கக்கூடிய நிலைதானா?

எந்த மருத்துவர் நல்லவர், எந்த மையம் நல்லது என்று விசாரிக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

தினமும் நிறையக் குடித்து வந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். "நாளையிலிருந்து சொட்டுக்கூடத் தொடமாட்டேன்" என்று அவர் சத்தியம் செய்வதும், வீட்டார் மகிழ்ச்சியில் அறையைப் பூட்டிக் காவல் இருப்பதும் நான் பார்த்தவரை மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். காலையில் தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது பாருங்கள்: ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடிப்பார், அப்படியும் விளிம்பு பல்லில் பட்டுக் கடகடக்கும், பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தும். வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் கூடவே வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும்: இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பார், இடம் தெரியாது, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. இந்த நிலைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கைதான் இடம். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மருந்து இருக்கிறது. மூளையைக் காப்பாற்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

பல மாதங்களாகத் தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ போட்டு வருபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

ஹெராயின், சில கடுமையான வலி மாத்திரைகள் போன்ற அபின் வகைப் பொருள்களை நிறுத்தும்போது உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும். பெரும் வேதனை என்றாலும் அதனாலேயே உயிர் போவது அரிது. அளவு மீறி எடுத்துவிட்டால்தான் ஆபத்து: மூச்சு மிக மெதுவாகும், உதடு நீலம் பாரிக்கும், கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் உயிரைத் திருப்புகிற மருந்து நலாக்ஸோன். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்; "என்ன எடுத்தார்" என்று கேட்டால் மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள்.

"சாகலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எந்த வயதானாலும், அது அன்றைக்கே பார்க்க வேண்டிய நிலை. "அப்படி யோசித்தாயா, எப்படி என்றும் யோசித்து வைத்திருக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு ஆறுதல். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை தனியே விடாதீர்கள்.

ஒரு வாரக் குறிப்பு எழுதுங்கள்

அவசரம் இல்லையென்றால், மருத்துவரைப் பார்ப்பதற்குள் ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு சாப்பிட்டார், என்ன எடுத்துக்கொண்டார், எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது. "எப்பப் பார்த்தாலும் எரிந்து விழுகிறார்" என்று சொல்வதைவிட "வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்" என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் எழுதுங்கள்: எது முன்னால் வந்தது? குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே சோர்வும் பயமும் இருந்தனவா, குடித்துக் குடித்து வந்தனவா? சிகிச்சையின் போக்கையே இந்த ஒரு விவரம் மாற்றும். குடியால் வந்த மனச்சோர்வு, குடியை விட்ட சில வாரங்களில் பெரும்பாலும் தானே தணியும். முன்பே இருந்த சோர்வு தணியாது. அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும். "முதலில் குடியை விடட்டும், அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்று ஒருவரும், "மனசு சரியானால் குடி தானாகப் போகும்" என்று இன்னொருவரும் சொல்லி நோயாளியைப் பந்தாடுவதை நான் ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே குழு சேர்த்துப் பார்ப்பதுதான் சரி.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் சோதனைகள் செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். ஆலோசகர் வாழ்க்கைச் சிக்கல்களைப் பேசித் தீர்க்க உதவுவார். பலருக்கு இதில் ஒருவர் போதாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் வழக்கமாகப் பார்க்கும் பொதுமருத்துவரிடமே தொடங்கலாம். தைராய்டுக் கோளாறு, ரத்தசோகை, பி12 குறைவு போன்றவை மனச்சோர்வு போலவே வேடமிட்டு வரும். ரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும்.

குழந்தைகள்

சிறு குழந்தைக்கு "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழும், விட்டிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வரும், காரணமில்லாமல் கோபப்படும். குழந்தை மனநல மருத்துவர் குழந்தையைவிடப் பெற்றோரிடம் அதிக நேரம் பேசினால் வியக்க வேண்டாம். இந்த வயதில் மருந்தைவிடப் பெற்றோருக்கான பயிற்சியும் விளையாட்டு வழிப் பேச்சும்தான் பெரும்பாலும் முதலில் வரும். கவனக்குறைவு, மிகைத் துடிப்பு உள்ள பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் பின்னால் போதைக்கு அடிமையாகிவிடுவானோ என்று பயப்படுகிறார்கள். முறையாகக் கொடுக்கும் மருந்து அப்படிச் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிகிச்சையே இல்லாமல் விடுவதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

குடிக்கிற தகப்பனோ தாயோ இருக்கும் வீட்டில், நோயாளி என்று பெயர் வாங்காத குழந்தையையும் கவனியுங்கள். கதவு திறக்கிற சத்தத்திலேயே "இன்றைக்கு எப்படி வந்திருக்கிறார்" என்று கணக்குப் போடப் பழகிய குழந்தை அது. இப்படிப்பட்ட வீடுகளின் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காகவே அலட்டீன் என்ற குழு 1957இல் தொடங்கி இன்றும் நடக்கிறது.

பதின்ம வயது

அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. "வயசுக் கோளாறு, தானா சரியாகும்" என்று தள்ளிப்போடும் அந்த ஆண்டுகள்தான் சிகிச்சைக்கு ஏற்ற ஆண்டுகள்.

ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. இன்பத்தைத் தேடுகிற பகுதி அதற்கு வெகு முன்பே முழு வேகத்தில் ஓடுகிறது. அதனால் இந்த வயதில் தொற்றும் பழக்கம் சீக்கிரம் இறுகும். கஞ்சா விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: இளவயதில் அடிக்கடி புகைப்பவர்களுக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு, காதில் குரல் கேட்பதும் எல்லாரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற சந்தேகமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி ஏதாவது சொன்னால் அதட்டாதீர்கள். அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மருத்துவர் உங்கள் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். நீங்கள் வெளியே உட்காருங்கள். "என்ன சொன்னான்?" என்று அப்புறம் துருவாதீர்கள். உயிருக்கு ஆபத்தான செய்தி என்றால் மருத்துவரே உங்களிடம் சொல்வார். மற்றது ரகசியமாக இருந்தால்தான் அவன் அடுத்த முறையும் வாய் திறப்பான். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்த பெற்றோரின் பிள்ளைகள் தொடர்ந்து சிகிச்சைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால், முதல் சில வாரங்கள் கண் வையுங்கள். இளவயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். புதிதாகப் பதைபதைப்போ தூக்கமின்மையோ தெரிந்தால் உடனே தெரியப்படுத்துங்கள் என்பதுதான் அதன் பொருள்.

வீடியோ கேம் பற்றியும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் கேம் அடிமைநிலை ஒரு நோயாகவே இடம்பெற்றுவிட்டது. 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிறைய விளையாடுவது மட்டுமே நோயாகிவிடாது. கட்டுப்பாடு கைவிட்டுப் போய், படிப்பும் உறவும் தூக்கமும் கெட்டும் நிறுத்த முடியாமல், வழக்கமாக ஓர் ஆண்டாவது அப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயர்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: 16 வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் மறுவாழ்வு மையத்தில் சேர்க்காதீர்கள். அங்கே அவன் புதிய பொருள்களின் பெயரையும் புதிய சிநேகிதத்தையும் கற்றுக்கொண்டு வருவான். இந்த வயதுக்கு நல்ல பலன் தருவதாகத் தெரிந்திருப்பது, குடும்பம் முழுவதையும் உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை.

நடுவயது

வேலை, கடன், குடும்பம் எல்லாம் தோளில் இருக்கிற வயது. "நான் போய்ப் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?" என்ற கேள்வி நியாயமானது. நல்ல செய்தி, பலருக்கு உள்ளே தங்கிச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. வாரம் ஒருமுறை வந்து போய்க்கொண்டே வேலையும் பார்க்கலாம். வலிப்பு ஆபத்து, தற்கொலை எண்ணம், வீட்டிலேயே போதை புழங்கும் சூழல் போன்றவை இருந்தால் தங்கிச் சிகிச்சை பெறுவது நல்லது.

முதல் சந்திப்பில் ஒரு கேள்வித்தாள் தரலாம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற தாளில் 10 கேள்விகள், 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி கெடுதல் தரும் அளவுக்குப் போய்விட்டது என்று கொள்வார்கள். மனச்சோர்வுக்கு 9 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. உண்மையை எழுதுங்கள், இது பரீட்சை இல்லை.

குடிக்கான மருந்துகளில் நால்ட்ரெக்ஸோன் ஏக்கத்தைக் குறைக்கும். அபின் வகை எடுப்பவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவும். டைசல்ஃபிராம் என்பது, அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும் மருந்து. அதை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செய்யவே செய்யாதீர்கள். தெரியாமல் குடித்துவிட்டு ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அன்பினால்தான் செய்கிறீர்கள், புரிகிறது, ஆனாலும் கூடாது.

அபின் வகைக்கு மெத்தடோன், புப்ரனார்ஃபின் என்ற மாற்று மருந்துகள் உண்டு. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்கிறார்கள். அளவாக, கண்காணிப்பில் எடுக்கும்போது இவை மரணத்தைக் குறைக்கின்றன. மனிதர் வேலைக்குப் போகிறார், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் தவறில்லை. கஞ்சாவுக்கும் கோகெயின் போன்ற ஊக்கிகளுக்கும் இதுபோல உறுதிப்பட்ட மருந்து இல்லை. பேச்சு வழிச் சிகிச்சைதான் கை கொடுக்கும்.

கர்ப்பிணிகள் போதைப்பழக்கத்தைச் சொல்லக் கூசுகிறார்கள். சொல்லுங்கள். குடியில் இந்த அளவுவரை பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. அபின் வகை எடுப்பவர் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் கருவுக்கே ஆபத்து. மருத்துவர் மாற்று மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்.

முதியவர்கள்

எல்லாரும் கவனிக்கத் தவறுகிற வயது இது. வயதாக ஆக உடம்பின் நீர்ச்சத்து குறைகிறது, மருந்தைக் கரைத்து வெளியேற்றும் வேகம் குறைகிறது. நாற்பதில் தாங்கிய அதே அளவு எழுபதில் கீழே தள்ளிவிடும். வாழ்க்கைத்துணை போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. சத்தம் போடமாட்டார்கள், சண்டைக்குப் போகமாட்டார்கள். அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். அவர் வைத்திருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் பையோடு கொண்டுவந்து மேசைமேல் கொட்டுங்கள். நான் உட்கார்ந்து பிரித்த ஒரு பையில் தூக்க மாத்திரை மூன்று பெயர்களில் இருந்தது. மூன்று மருத்துவர்கள், மூன்று கம்பெனிப் பெயர்கள், உள்ளே ஒரே வகை மருந்து. ஒரு அட்டையில் கத்தரிக்கோலால் நறுக்கிய பாதி மாத்திரை, பஞ்சில் சுற்றி வைத்திருந்தது. அந்த அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதென்றுதான் வீட்டார் அழைத்து வந்திருந்தார்கள். மருத்துவர் மெதுவாக மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார். சில மாதங்களில் பேரன் பேத்திகளின் பெயரை வரிசையாகச் சொன்னார்.

முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளைத் தொகுத்து மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்றும் அதைப் புதுப்பித்து வருகிறார்கள். 65 வயதுக்கு மேல் இந்த வகைத் தூக்க மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்கிறது அது. விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் குழப்பத்துக்கும் அவை காரணமாகின்றன.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று குழப்பம் வந்தால் அதை மறதி நோய் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மருந்துக் கோளாறு, திடீரென்று நிறுத்திய குடி, இப்படி ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே பார்க்க வேண்டும். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. முதியவரின் மனச்சோர்வும் பெரும்பாலும் அழுகையாக வராது. உடம்பு வலி, பசியின்மை, "எனக்கு ஒன்றும் வேண்டாம், என்னைப் பார்க்காதீர்கள்" என்று வரும். அதற்கு மருத்துவம் உண்டு, பலன் தரும். "இந்த வயசுக்கு மேல் என்ன சிகிச்சை?" என்று கேட்பவர்களோடு நான் ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன். பிந்திய வயதில் சிகிச்சைக்கு வருகிறவர்கள் இளையவர்களுக்குக் குறையாமல், சில நேரம் அவர்களைவிட நன்றாகவே தேறுகிறார்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

நேரில் போய்ப் பாருங்கள், கேளுங்கள். மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்? உரிமம் உண்டா? இந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? குடும்பம் எப்போது சந்திக்கலாம்? வெளியே வந்த பிறகு தொடர் கவனிப்பு உண்டா?

"நூறு சதவீதம் குணம்" என்று உத்தரவாதம் தருகிற இடம் வேண்டாம். கட்டிவைப்பது, அடிப்பது, போனில் பேசவே விடாதது, என்ன மருந்து என்று சொல்ல மறுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்கிற இடத்தையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மருந்து, பேச்சு, பொறுமை

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகலாம். குமட்டல், தலைவலி முதல் வாரத்திலேயே வரும். பலன் பின்னால் வரும். பத்து நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுபவர்களே அதிகம். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்துவதும் வேண்டாம்.

பேச்சுச் சிகிச்சை உபதேசம் கேட்பதாக இருக்காது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, 1960களில் ஆரோன் பெக் உருவாக்கியது, ஒரு சம்பவத்தில் உங்களுக்கு என்ன எண்ணம் ஓடியது, அது உண்மைதானா, அடுத்த முறை என்ன செய்து பார்க்கலாம் என்று வீட்டுப்பாடம் கொடுக்கும். ஆலோசகரோடு ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகு வேறொருவரைப் பாருங்கள். குற்ற உணர்வு தேவையில்லை.

குடியை விட முயல்கிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குழு 1935இல் குடிநோயிலிருந்து மீள முயன்ற இருவர் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியே இருக்கிறது. குடிப்பவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போகலாம். போங்கள்.

மறுபடி சறுக்கினால்

ஆறு மாதம் விட்டவர் ஒரு நாள் தொட்டுவிடுகிறார். வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் மறுபடி ஏறினால் மாத்திரையை மாற்றிப் பார்க்கிறோம். இங்கேயும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது அன்று இருந்தது என்று சேர்ந்து உட்கார்ந்து யோசியுங்கள். அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் மறுநாளே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அபின் வகையிலிருந்து மீண்டவர் விஷயத்தில் மட்டும் இன்னும் வேகம் தேவை. சில வாரம் விட்டதிலேயே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்; பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. கிடைக்கிற இடத்தில் நலாக்ஸோனை வாங்கி வீட்டில் வையுங்கள், எப்படிக் கொடுப்பது என்று இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள், எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.